சென்னை மணலில் ஓட்ட எம்.டி.பி., ஃபேட் பைக்: எதை முதலில் மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் ஞாயிறு காலை ஆறு மணிக்கு நின்றால் இதைப் பார்த்துவிடலாம். நான்கு அங்குல டயர் போட்ட புது ஃபேட் பைக்கில் ஒருவர் ஷ்மிட் நினைவு மண்டபத்தைத் தாண்டி மணலில் இறங்குவார். பத்தடி போவார். முன்சக்கரம் புதைந்து வண்டி நின்றுவிடும். இறங்கித் தள்ளிக்கொண்டே, "கியர் சரியில்ல, நல்ல கியர் போடணும்" என்பார்.

கியரில் ஒன்றுமில்லை. கடையில் அடித்துக் கொடுத்த காற்றோடு அப்படியே மணலுக்கு வந்துவிட்டார், அவ்வளவுதான். டயரை அழுத்திப் பார்த்தால் தேங்காய் மாதிரி இருக்கும். பாதிக்கு மேல் காற்றை இறக்கிவிட்டால் அதே வண்டி அதே மணலில் ஓடும்.

எம்.டி.பி. (மலைச் சைக்கிள்) பாகங்களைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரையில் பெரும்பகுதி மலையும் காடும் உள்ள ஊர்க்காரர்கள் சொன்னது. முதலில் ஷாக் (முன்பக்க அதிர்வுதாங்கி), அப்புறம் கியர் என்பது அவர்கள் வரிசை. நமக்கு மலை என்றால் பரங்கிமலை. அதன் உயரம் சுமார் 300 அடி. நம் வண்டியைக் கெடுப்பவை வேறு: மணல், சீமைக்கருவேல முள், உப்புக்காற்று, ஐப்பசி கார்த்திகை மழை. அதனால் நம் வரிசை ஏறக்குறைய தலைகீழ். டயர் முதலில், பிறகு பிரேக், பிறகு பேரிங், செயின். கியர் அதற்கப்புறம். ஷாக் கடைசியில், அல்லது வேண்டவே வேண்டாம்.

வாங்குவதற்கு முன்: வண்டியின் ஜாதகம்

ஒரு தாளும் ஒரு ஸ்டீல் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்காருங்கள். வெர்னியர் காலிப்பர் இருந்தால் இன்னும் நல்லது. இந்த அரைமணி நேரத்தைச் சோம்பலில் விட்டுவிட்டால் பிறகு காசில் கட்ட வேண்டியிருக்கும். நானும் கட்டினேன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டயரின் பக்கவாட்டில் 54-622 போல ஓர் எண் பொறித்திருக்கும். முதல் எண் அகலம், மி.மீ. கணக்கில். இரண்டாவது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். 559 என்றால் 26 அங்குல வண்டி, 584 என்றால் 27.5, 622 என்றால் 29. ஃபேட் பைக் பெரும்பாலும் 26 தான். கடையில் "26" என்று மட்டும் சொல்லாமல் இந்த முழு எண்ணையும் சொல்லுங்கள்.

பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஃபிரேமின் இரண்டு கால்களுக்கும் நடுவே ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) உட்காரும் இடைவெளியை அளங்கள். சாதாரண எம்.டி.பி.யில் 135 மி.மீ. வரும். கொஞ்சம் விலை கூடியவற்றில் 142 அல்லது 148. ஃபேட் பைக்கில் 135, 170, 177, 190, 197 என்று எதுவும் இருக்கலாம். பெடல் அச்சு ஓடும் குழாயின் அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எம்.டி.பி. என்றால் 68 அல்லது 73, ஃபேட் பைக் என்றால் 100 அல்லது 120. சீட் போஸ்ட்டை முழுக்க உருவிப் பார்த்தால் அடியில் 27.2, 30.9, 31.6 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். ஹேண்டில்பாரை ஸ்டெம் கவ்வும் இடத்தின் விட்டம் 25.4 அல்லது 31.8.

அடுத்தது பலரும் தவறவிடுவது. உங்கள் பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கரக் கட்டு ஃப்ரீவீலா, கேசட்டா? பல்சக்கரங்களைக் கையால் பின்பக்கமாகச் சுற்றுங்கள். அவற்றின் நடுவில், அச்சைச் சுற்றி, கழற்றும் கருவி மாட்டுவதற்கான பள்ளங்கள் தெரியும். பல்லோடு சேர்ந்து அதுவும் சுற்றினால் கேசட். பல் மட்டும் சுற்றி அது அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். நம் ஊரில் விலை குறைந்த 7 ஸ்பீடு வண்டிகளில் பெரும்பாலும் ஃப்ரீவீல்தான் வரும். இது ஏன் முக்கியம் என்பதை கியருக்கு வரும்போது சொல்கிறேன்.

டயரும் காற்றும்

முதலில் வாங்க வேண்டியது டயர் அல்ல, காற்றழுத்த மானி. சாதாரண பம்பில் இருக்கும் மானி 100, 160 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) வரை காட்டுவது. அதில் 6க்கும் 9க்கும் முள் அசைவதே தெரியாது. ஃபேட் பைக்குக்கோ மூன்று பி.எஸ்.ஐ. என்பது வேறு வண்டி ஓட்டுவது போன்ற வித்தியாசம். 0 முதல் 30 வரை மட்டும் காட்டும் குறைந்த அழுத்த மானியைத் தேடி வாங்குங்கள்.

சுமார் 75 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, நான்கு அங்குல டயரில், நான் சொல்லும் தொடக்கக் கணக்கு இது: தார் ரோட்டுக்கு 15 முதல் 18, இறுகிய மண்பாதைக்கு 9 அல்லது 10, காய்ந்த மணலுக்கு 5 அல்லது 6. மணலில் ஓட்டிய பின் திரும்பிப் பாருங்கள். டயர் தடம் பள்ளமாக, கரை கட்டியது போல இருந்தால் இன்னும் கொஞ்சம் இறக்கலாம். பாய் விரித்தது போலத் தட்டையாக இருந்தால் சரி. அதே காற்றோடு தார் ரோட்டுக்குத் திரும்பினால் ஹேண்டில் பக்கவாட்டில் இழுக்கும், டயரும் தேயும். ஒரு சின்னக் கைப்பம்பு பையில் இருக்கட்டும். பெட்ரோல் பங்கில் அடிப்பதாக இருந்தால், கார் டயர்போல அடித்துவிடாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். உங்கள் டயரின் உச்ச அழுத்தம் எவ்வளவு என்று அதன் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கும்.

எம்.டி.பி.யில், இரண்டேகால் அங்குல டயருக்கு, தாரில் 30-35, மண்ணில் 25-28. ட்யூப் போட்ட வண்டியில் இதற்குக் கீழே போனால் ஒரு கல்லில் ஏறும்போதே ரிம் ட்யூபை நசுக்கி, பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை போட்டுவிடும்.

இனி முள். ஈ.சி.ஆர். பக்கம், ஏரிக்கரைகளில், காலி மனைகளில் சீமைக்கருவேலம் இல்லாத இடம் குறைவு. அந்த முள் உள்ளே போய் நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே தங்கிவிடும். வெளியே ஒரு கரும்புள்ளி தெரியும், அவ்வளவுதான். பஞ்சர் ஒட்டி மாட்டினால் மறுநாள் அதே இடத்தில் மறுபடி இறங்கும். ஒட்டும் முன் ஒரு பழைய பனியன் துணியை டயரின் உட்புறம் மெதுவாகச் சுற்றி ஓட்டுங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். விரலால் தேடாதீர்கள். கிடைக்கும், ஆனால் நகக்கண்ணில் கிடைக்கும்.

ட்யூப்லெஸ் ஆக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: விலை குறைந்த ஃபேட் பைக் ரிம்களில் எடை குறைக்க வட்ட வட்டமாக ஓட்டை போட்டு, மேலே ஒரு பட்டை ஒட்டியிருப்பார்கள். அதைக் காற்றுப் புகாமல் அடைப்பது பெரும்பாடு. தொடக்கத்தில் அது வேண்டாம். கார் வால்வு உள்ள ட்யூபாக இருந்தால் வால்வின் உள்ளூசியைக் கழற்றி, பஞ்சர் அடைக்கும் திரவத்தை ஊற்றிவிடலாம். எம்.டி.பி. ட்யூபுக்கு 100-120 மில்லி, நான்கு அங்குல ட்யூபுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம் வெயிலுக்கு அது சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் சேர்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: அந்த ட்யூபைப் பஞ்சர் கடையில் கொடுத்தால் அண்ணன் திட்டுவார். பிசுபிசுப்பில் ஒட்டு நிற்காது என்பார், அது உண்மைதான்.

பிரேக்

மாற்றுவதற்கு முன் இருப்பதைச் சரிசெய்யுங்கள். கேபிளால் இழுக்கும் டிஸ்க் பிரேக்கில் பெரும்பாலும் கேபிளும் டிஸ்க்கைக் கவ்வும் பேடும்தான் குற்றவாளி. உப்புக்காற்றில் கேபிளின் உறைக்குள்ளே துரு ஏறி, லீவரை இழுத்தால் பாதி விசைகூட கீழே போய்ச் சேராது. கேபிளையும் உறையையும் சேர்த்து மாற்றுவது மிகக் குறைந்த செலவு. பலருக்கு அதிலேயே வேலை முடிந்துவிடும். பேடில் தகட்டை விட்டுவிட்டு மருந்து (உரசித் தேயும் பகுதி) மட்டும் ஒரு மி.மீ.க்குக் கீழே வந்துவிட்டால் மாற்றுங்கள். செயினுக்கு எண்ணெய் விடும்போது டிஸ்க்கில் ஒரு துளி தெறித்தாலும் போச்சு. பேட் அதை உறிஞ்சிக்கொண்டு கீச்சென்று கத்தும், பிடிக்காது. டிஸ்க்கை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். பேடைத் துடைத்துப் பயனில்லை, புதிதுதான்.

அடுத்த கட்டம் ஹைட்ராலிக், அதாவது கேபிளுக்குப் பதில் ஆயிலால் அழுத்தும் பிரேக். ஷிமானோ எம்.டி.200 போன்ற தொடக்கநிலை செட் போதும். நம் ஊர் மழையில், வேளச்சேரித் தண்ணீரில், இரண்டு விரலால் அழுத்தி நிற்பது பெரிய நிம்மதி. ஆனால் வாங்கும் முன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். பிரேக் லீவரும் கியர் மாற்றியும் ஒரே கட்டாக இருந்தால், லீவரைக் கழற்றும்போது கியர் மாற்றியும் போய்விடும். அதைத் தனியாக வாங்க வேண்டிவரும். ஆயில் ஓடும் ஹோஸ் நீளம் உங்கள் ஃபிரேமுக்கு எட்ட வேண்டும். எந்தக் கைக்கு முன்பிரேக் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஷிமானோவில் ஓடுவது மினரல் ஆயில். வேறு சில பிராண்டுகளில் டாட் திரவம். ஒன்றில் மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். மோட்டார் பைக் கடையில் கிடைக்கும் பிரேக் ஆயில் டாட் வகை என்பதை நினைவில் வையுங்கள்.

கனமான ஃபேட் பைக்கில் முன்பக்க டிஸ்க்கை 160லிருந்து 180 மி.மீ. ஆக்குவது நல்ல மாற்றம். அதற்கான அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். அதற்கும் முன், உங்கள் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) 180ஐத் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடல் தண்ணீர் குடித்த வண்டி

மணலில் ஓட்டுவது சிரமம் என்று ஒரு டிசம்பரில் அலை ஓரத்து ஈரமணலில் பெசன்ட் நகரிலிருந்து உடைந்த பாலம் வரை வாரம் தவறாமல் ஓட்டினேன். தரை சிமெண்ட் மாதிரி இருக்கும், காலுக்குச் சுகம். பிப்ரவரியில் பெடல் சுற்றும்போது கறகறவென்று சத்தம். மெக்கானிக் அண்ணா பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டைத் திறந்தார். உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் செம்மண் குழம்பு போல ஒன்று வந்தது. குண்டுகளைத் தட்டில் கொட்டினார். உருண்டையாக நாலைந்துகூட இல்லை. "சார், இது கடல் தண்ணி குடிச்ச வண்டி. இனிமே ஒண்ணு சீல் பேரிங் போடு, இல்ல அலைகிட்ட போகாத" என்றார்.

இரண்டில் முதலாவதைச் செய்தேன். நீங்களும் அதையே செய்யலாம். பாட்டம் பிராக்கெட்டில் தனித்தனிக் குண்டும் கிண்ணமும் இருந்தால், மூடிய கேட்ரிட்ஜ் வகைக்கு மாறுங்கள். செலவு குறைவு, பலன் அதிகம். குழாய் அகலமும் அச்சு நீளமும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். நாம் அதிகம் பார்க்கும் மரையில் வலது பக்கக் கிண்ணம் எதிர்த்திசையில் கழலும். இதை அறியாமல் பலம் போட்டு இறுக்கியே மரையை அழித்தவர்கள் உண்டு. பெடலில் இது இடம் மாறும்: அங்கே எதிர் மரை இடது பக்கம்.

ஹப்பில் மூடிய பேரிங் இருந்தால் அதன் விளிம்பில் 6001, 6902 என்று எண்ணும், கூடவே 2ஆர்எஸ் என்றும் இருக்கும். இருபுறமும் ரப்பர் மூடி உள்ளது என்பது அதன் பொருள். இந்த எண்கள் சைக்கிளுக்கு மட்டும் உரியவை அல்ல. எந்த பேரிங் கடையிலும் எண்ணைச் சொல்லி வாங்கலாம்.

கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. கடற்கரையிலிருந்து வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் சில வீடுகளில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவி உப்பை உப்பால் துடைத்தவன் நான். கடைசியில் ஒரு பக்கெட் மெட்ரோ தண்ணீர் ஊற்றுங்கள். வாட்டர் சர்வீஸ் குழாயின் பீச்சலை மட்டும் பேரிங் பக்கம் காட்டாதீர்கள். அது மூடியைத் தாண்டி உள்ளே போகும். சீட் போஸ்ட்டை மாதம் ஒருமுறை உருவி, துடைத்து, கிரீஸ் தடவிப் போடுங்கள். இரும்பு ஃபிரேமுக்குள் அலுமினியம் போஸ்ட்டை உப்பு ஒருமுறை பிணைத்துவிட்டால் பிரிப்பது பெரும் பாடு.

கடற்கரையில் ஓட்டும் எல்லோருக்கும் இன்னொன்று. ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை கரையேறி முட்டையிடும் காலம். இரவிலும் விடியும் முன்பும் மேட்டு மணலில் வண்டி ஓட்டாதீர்கள்.

செயின், பிறகு கியர்

செயினின் ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலை வைத்து 12 அங்குலம் அளங்கள். புது செயினில் 12 அங்குலத்தில் சரியாக இன்னொரு பின்னின் நடு வந்து நிற்கும். அந்தப் பின் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் மாற்றும் நேரம் நெருங்குகிறது. எட்டில் ஒரு பங்கு தள்ளிப்போய்விட்டால் செயின் மட்டுமல்ல, பல்லும் தேய்ந்திருக்கும். 6, 7, 8 ஸ்பீடு வண்டிகளுக்கு 8 ஸ்பீடு செயினே பொருந்தும்.

சில கடைகளில் செயினுக்கு வேஸ்ட் ஆயில் தடவித் தருவார்கள். அன்று பளபளக்கும். மறுநாள் அதில் மணல் ஒட்டி உப்புத்தாள் ஆகிவிடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். கோடையில் மெழுகு வகை, மழையில் ஈரம் தாங்கும் வகை என்று செயினுக்கான எண்ணெயை வாங்கி, இணைப்புக்கு ஒரு துளி விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தைத் துடைத்துவிடுங்கள். துடைப்பதுதான் முக்கியம்.

சரி, கியர். முன்னால் 42 பல், பின்னால் 14 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் மூன்று சுற்று. ஃபேட் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.3 மீட்டர். நிமிடத்துக்கு 70 முறை மிதித்தால் மணிக்கு 29 கி.மீ. பதினெட்டு கிலோ ஃபேட் பைக்கை ஓ.எம்.ஆரில் எதிர்காற்றில் இந்த வேகத்தில் தொடர்ந்து ஓட்டுகிறவர் எத்தனை பேர்? வேகத்துக்காகக் கியர் மாற்றுவது இந்த ஊரில் வீண். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏற ஆசை இருந்தால் மட்டும், பின்னால் பெரிய பல் வேண்டும். ஃப்ரீவீல் வண்டியிலேயே 14-34 பல் உள்ள 7 ஸ்பீடு ஃப்ரீவீல் போடலாம். கூடவே செயின் நீளத்தையும், பின் டிரெயிலர் (செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பாகம்) 34 பல்லைத் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

அதற்கு மேல், 9 ஸ்பீடு, 10 ஸ்பீடு என்று போக விரும்பினால் ஃப்ரீவீல் ஹப் வழி விடாது. புது ஹப், அதற்கு ஸ்போக் பின்னும் கூலி, கேசட், கியர் மாற்றி, டிரெயிலர், செயின் என்று ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வரும். 190 மி.மீ. போன்ற அகல ஹப் கிடைப்பதே அரிது. என் கணக்கு எளிது: மாற்றும் பாகங்களின் மொத்தம் வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், காசைச் சேர்த்துவைத்து அடுத்த வண்டியாக வாங்கிவிடலாம். கேசட் உள்ள வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

வண்டி வலப்பக்கம் விழுந்த பிறகு கியர் சரியாக ஏறவில்லை என்றால் டிரெயிலரைக் குறை சொல்லாதீர்கள். அதைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கும். உங்கள் ஃபிரேமுக்கான உபரி ஹேங்கர் ஒன்று பையில் இருக்கட்டும்.

கை, இடுப்பு

இது சுருக்கமாக. குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது கால் முழுக்க நீளும்படி சீட்டை உயர்த்துங்கள். முட்டிவலி பாதி அதிலேயே போகும். ஸ்பாஞ்ச் கைப்பிடி நம் வியர்வையில் ஒரு கோடைக்குள் பிசுபிசுத்துவிடும். திருகு வைத்து இறுக்கும் ரப்பர் கைப்பிடி போடுங்கள். மெத்தென்ற ஜெல் சீட் உறை எதற்கும் உதவாது என்பது என் கருத்து.

பாகங்கள் வாங்கப் போகும்போது பழைய பாகத்தையே கையில் கொண்டுபோங்கள். பாரிமுனைக்குப் பக்கத்து ரத்தன் பஜார் சைக்கிள் கடைகளில் சாதாரண வண்டிச் சாமான் கிடைத்துவிடும். ஃபேட் பைக்குக்கே உரியதை இணையத்தில்தான் தேட வேண்டிவரும். அங்கே பொருத்திப் பார்க்க முடியாது, நீங்கள் எழுதிய ஜாதகம்தான் துணை. புதுப் பாகம் போட்டபின் முதல் 50 கி.மீ. கழித்து எல்லா போல்ட்டையும் எல் கீயால் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். பெடல் கையைப் பிடிக்கும் கிராங்க் போல்ட்டை இரண்டு முறை.

ஷாக்

விலை குறைந்த ஸ்பிரிங் ஃபோர்க் இரண்டரை கிலோ சுமாருக்கு இருக்கும். மணலில் அது தூக்கிச் செல்லும் பாரம், அவ்வளவே. ஃபேட் பைக்குக்கு 6 பி.எஸ்.ஐ. காற்றே ஷாக். எம்.டி.பி.யில் மாற்றத்தான் வேண்டும் என்றால், ஃபிரேமின் தலைக்குழாயை அளங்கள். மேலும் கீழும் ஒரே விட்டமுள்ள நேர்க்குழாயா, கீழே அகன்று வருவதா? நேர் ஃபோர்க்கின் தண்டு முழுக்க 28.6 மி.மீ. அகன்றதில் அடிப்பகுதி ஏறக்குறைய 40 மி.மீ. அகன்ற தலைக்குழாயில் நேர் ஃபோர்க்கை அதற்கான கிண்ணம் வைத்துப் பொருத்தலாம். நேர்க்குழாயில் அகன்ற ஃபோர்க் பெரும்பாலும் நுழையாது.

இதைத் தெரியாமல்தான் நான் தள்ளுபடியில் ஒரு அகன்ற தண்டு ஃபோர்க் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பழையதைக் கழற்றி, புதியதை ஏற்றினேன். முக்கால்வாசி போய் நின்றது. சுத்தியல் தேடிக்கொண்டிருந்தபோது மனைவி வந்து, "அளந்தீங்களா?" என்று கேட்டாள். கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். தண்டில் என் சுத்தியல் தடம் இருந்ததே, அவர் மேல் தப்பில்லை. ஃபோர்க் இன்னும் பரணில், கொலு பொம்மைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நூறு மி.மீ., 29 அங்குலம், அகன்ற தண்டு.